உணவு விஷயத்தில் மனசாட்சிக்கு என்ன வேலை?

ஜூன் 2 – ஒரு வாசகரின் கேள்வி

கொடுமையான முறையில் உருவான ஒரு பொருள் என் தட்டுக்கு வந்து சேரும்போது, அந்தக் கொடுமை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. நான் உண்ண மறுத்தாலும் நடந்தது நடக்காததாகிவிடாது. நான் விட்டதை இன்னொருவர் உண்பார். அப்படியிருக்க, தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு மனசாட்சி உறுத்துகிறது என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? உண்பது உடம்பின் வேலை, அறம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 2, இரவு

இந்த வாதம் மிகப் பழையது. அதனாலேயே எளிதில் தள்ளிவிட முடியாதது. பௌத்தத் துறவிகளுக்கான வினய விதிகளில் ஊன் உணவு பற்றி மூன்று நிபந்தனைகள் உண்டு. அந்த உயிர் தனக்காகக் கொல்லப்பட்டதைத் துறவி கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படி இருக்குமோ என்று ஐயுற்றிருக்கவும் கூடாது. இவை மூன்றும் இல்லையென்றால் பாத்திரத்தில் இடப்பட்டதை அவர் உண்ணலாம். எதையும் தேர்ந்தெடுக்காமல் இட்டதை ஏற்கும் ஒருவருக்கு இது பொருத்தமான விதிதான். விலை கொடுத்து வாங்குகிறவர் அந்த விதிக்குள் ஒதுங்கிக்கொள்ள முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்பதே திருக்குறளின் நிலை. தின்பதற்காக என்ற தேவை உலகில் இல்லையென்றால் விலைக்காக ஊன் தருபவரும் இருக்கமாட்டார்கள் என்கிறது 256ஆம் குறள். நேற்று நடந்ததை என்னால் மாற்ற முடியாது என்பது உண்மை. நாளை நடக்கப்போவதற்கு இன்று நான் கொடுக்கும் பணம் ஒரு காரணமாகிறது என்பதும் அதே அளவு உண்மை. வாசகர் முதல் உண்மையைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 3

"நான் ஒருவன் விட்டால் என்ன ஆகிவிடும்" என்ற பகுதிக்குத் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

1791 ஏப்ரலில் பிரிட்டிஷ் மக்களவை, அடிமை வணிகத்தை ஒழிக்கும் முயற்சியை 163க்கு 88 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. அதே ஆண்டில் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரம், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை மக்கள் உண்ணாமல் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. வாரம் 5 பவுண்டு சர்க்கரை பயன்படுத்தும் ஒரு குடும்பம், அதையும் அதற்கேற்ற அளவு ரம் மதுவையும் 21 மாதங்கள் விட்டுவிட்டால், ஒரு மனிதர் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று அதில் ஒரு கணக்கு இருந்தது. இந்தக் கணக்கின் துல்லியத்தை நான் நம்பவில்லை. ஆனால் தேநீரில் விழும் ஒரு கரண்டிக்கும், கடலுக்கு அப்பால் சாட்டையடி படும் ஒரு முதுகுக்கும் நடுவே வெகு சிலரே கோடு வரைந்து காட்டிய காலத்தில், இந்தக் கணக்கு அந்தக் கோட்டைப் பலரும் காண வரைந்தது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாக, அந்த இயக்கத்தின் முன்னணியில் இருந்த தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அவர்களில் பெண்களின் பங்கு பெரிது. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை, நாடாளுமன்றத்தில் இடமும் இல்லை. வீட்டுக்குள் என்ன வாங்குவது, மேசையில் என்ன வைப்பது என்ற முடிவு மட்டும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. வாசகர் சொல்லும் அந்த "வேறிடம்" அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. உணவு மேசைதான் அறம் நுழைவதற்குத் திறந்திருந்த வழி.

ஜூன் 3, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், அடிமை வணிகம் 1807இல்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது, அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது, ஆகவே சர்க்கரையை விட்டவர்கள் எதைச் சாதித்தார்கள் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சர்க்கரை மறுப்பு மட்டும் அடிமை முறையை ஒழித்தது என்று யாராவது சொன்னால் அது அநீதியாகவும் இருக்கும். செயிண்ட் டொமிங்கோவில் (இன்றைய ஹைட்டி) 1791இல் எழுந்த அடிமைகளின் புரட்சியும், ஜமைக்காவில் 1831 இறுதியில் வெடித்த கிளர்ச்சியும், உயிரைக் கொடுத்தவர்கள் யார் என்பதை மறக்கவிடாமல் சொல்கின்றன. சர்க்கரையை விட்டவர்கள் இழந்தது ஒரு சுவை மட்டுமே. அந்தச் சிறிய இழப்பால் அவர்களுக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 5

இரண்டு நாட்களாக இதையே நினைத்துக்கொண்டிருந்ததில், எல்லோரும் சொல்லும் "உறுத்தல்" என்பதை நான் எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகம் வந்தது. என் தாயாருக்கு அறுவை சிகிச்சை நடந்த பின், வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். உதட்டை ஈரத்துணியால் நனைப்பதற்கு மட்டும் அனுமதி இருந்தது. நான் அறையைவிட்டு வெளியே வந்து, நடைவழியின் கடைக்கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவசர அவசரமாகச் சாப்பிடுவேன். திரும்பி வந்ததும் அவரே "சாப்பிட்டாயா?" என்று கேட்பார். "ஆயிற்று" என்ற ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நா எழாது. நான் உண்டதால் அவருக்கு ஒரு தீங்கும் இல்லை. நான் பட்டினி கிடந்திருந்தால்தான் அவருக்கு வருத்தமாக இருந்திருக்கும். இதையெல்லாம் தெளிவாக அறிந்திருந்தும், ஒவ்வொரு கவளமும் திருடியதுபோல் இறங்கியது.

வேறெந்த உணவும் என்னை இவ்வாறு உறுத்தியதில்லை. யாருடைய கூலி குறைக்கப்பட்டு, எந்த நிலத்தின் நீர் வற்றி, எந்த உயிர் அடைபட்டு அந்த உணவு வந்தது என்று தெரியாத எத்தனையோ வேளைகளில் நான் நிறைந்த மனதோடு உண்டிருக்கிறேன், நன்றாக உறங்கியும் இருக்கிறேன். பாவமில்லாத இடத்தில் அழுத்தமான உறுத்தலும், பாவம் இருக்கக்கூடிய இடத்தில் முழு அமைதியும் எனக்குள் இருந்திருக்கின்றன. ஆகவே உறுத்துகிறதா இல்லையா என்பதை வைத்து ஓர் உணவு சரியா தவறா என்று தீர்மானிக்க நான் தயாராக இல்லை. எதிரில் பசித்த முகம் ஒன்று இருந்தால் மனசாட்சி விழித்துக்கொள்கிறது. முகம் தெரியாத தொலைவில் அது அடங்கிவிடுகிறது. அதன் பார்வை மிகக் குறுகியது.

ஜூன் 6

பார்வை குறுகியது என்று நேற்று எழுதினேன். அதைக் குறுக்குவதே நம் உணவுதான் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. ஸ்டீவ் லோக்னன், நிக் ஹாஸ்லம், பிராக் பாஸ்டியன் ஆகிய உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உலர்த்திய மாட்டிறைச்சியும் இன்னொரு பிரிவினருக்குக் கொட்டைப் பருப்பும் உண்ணக் கொடுத்துவிட்டு, அறம் சார்ந்த அக்கறைக்கு உரிய உயிர்கள் எவை என்று கேட்டார்கள். இறைச்சி உண்டவர்கள் குறைவான உயிரினங்களையே குறிப்பிட்டார்கள். 2012இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் நுட்பமானது. சற்று நேரத்தில் இறைச்சி உண்ணப் போகிறோம் என்று எதிர்பார்த்திருந்தவர்கள், பழம் உண்ணப் போகிறோம் என்று எதிர்பார்த்தவர்களைவிட, அந்த விலங்குக்கு இருக்கும் மன ஆற்றல்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். அவ்வாறு குறைத்து மதிப்பிட்டதால் அவர்களுடைய சங்கடமும் குறைந்தது.

எனக்கு இது பெரிய செய்தி. மனசாட்சி முதலில் தீர்ப்புச் சொல்கிறது, அதற்கேற்ப நாம் உண்கிறோம் அல்லது அதை மீறி உண்கிறோம் என்றுதான் இதுவரை பேசிக்கொண்டிருந்தோம். நடப்பது தலைகீழாகவும் இருக்கலாம்: என்ன உண்ணப் போகிறோம் என்பது முதலில் முடிவாகிவிடுகிறது, அந்த முடிவு நோகாத அளவுக்கு மட்டும் நம் கண் திறக்கிறது. சர்க்கரையை விட்டவர்களைப் பற்றி மூன்று நாட்களுக்கு முன் விளங்கவில்லை என்று விட்டுவைத்த இடம் இப்போது சற்று விளங்குகிறது. தினமும் சர்க்கரையைச் சுவைத்துக்கொண்டிருந்த ஒருவர், தோட்டங்களில் நடப்பது அவ்வளவு மோசமில்லை, சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நம்ப வேண்டிய தேவையோடு அந்தச் செய்திகளைப் படித்திருப்பார். விட்டவருக்கு அந்தத் தேவை இல்லாமற்போனது. அவர் கேட்டதைக் கேட்டபடி ஏற்கக்கூடிய நிலைக்கு வந்தார். விடுவதால் சந்தையில் ஒரு மாற்றமும் நிகழாமல் போனாலும், விட்டவருடைய பார்வையில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. பிறகு அவர் எதற்குக் கையெழுத்திடுவார், எதற்குக் குரல் கொடுப்பார் என்பது அந்தப் பார்வையைப் பொறுத்தது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஒன்றை விட்டவர், தான் விட்டதைப் பற்றி மட்டும் கூர்மையான கண்ணோடும், இன்னும் உண்டுகொண்டிருப்பதைப் பற்றி அதே மங்கிய கண்ணோடும் இருக்கலாம். ஊன் உண்ணாத நான், எனக்கு உணவு விளைவிக்கும் கூலித் தொழிலாளியைப் பற்றி எத்தனை முறை நினைத்திருக்கிறேன் என்று என்னைக் கேட்டுக்கொள்கிறேன். மிகச் சில முறைதான்.

ஜூன் 6, மாலை

உணவு இடைவேளைக்கு முன் நீதிபதிகள் கடுமையாகவும், உண்டபின் இளகியும் தீர்ப்பளிக்கிறார்கள் என்ற 2011ஆம் ஆண்டு இஸ்ரேலிய ஆய்வை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார். அதை இங்கே சான்றாக வைக்க வேண்டாம். வழக்குகள் வந்த வரிசை தற்செயலானது அல்ல, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் இடைவேளைக்குச் சற்று முன்பே எடுக்கப்பட்டன என்ற மறுப்பு அதே ஆண்டில் வெளிவந்துவிட்டது. பசி நீதியைக் கெடுக்கும் என்று நாம் நம்ப விரும்புவதால் மட்டும் அந்த எண்கள் உறுதியாகிவிடாது. பசி மனதை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வலுவான பதிவு ஒன்று உண்டு. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

ஜூன் 8

இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதம் ஏந்த மனசாட்சி இடந்தராது என்று மறுத்த அமெரிக்க இளைஞர்கள் சிலர் மாற்றுப் பணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 36 பேர், 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் தொடங்கிய பட்டினி ஆய்வுக்குத் தாங்களாகவே முன்வந்தார்கள். போரால் பட்டினி கிடக்கும் மக்களை எவ்வாறு மீட்டெடுப்பது என்று அறிவதே ஆய்வின் நோக்கம். 24 வாரங்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி மட்டும் உண்டு, உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு அவர்கள் இழந்தார்கள்.

ஒரு நாடே போருக்குத் திரண்டபோது தனித்து நின்று மறுத்தவர்கள் இவர்கள். மனசாட்சியின் உறுதிக்கு இவர்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடுவது கடினம். அந்த வாரங்களில் அவர்களுக்கு நேர்ந்ததைப் படித்துப் பாருங்கள். நண்பர்கள், எதிர்காலத் திட்டங்கள், உலக நடப்பு எல்லாவற்றிலும் நாட்டம் வற்றிப்போய் எண்ணம் முழுவதையும் உணவு நிறைத்தது. சமையல் நூல்களைச் சேர்த்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். சிலர் விதியை மீறி மறைவாக உண்டார்கள். அப்புறம் துணையின்றி யாரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. மீறியவர்கள் தம்மை மன்னிக்க முடியாமல் பட்ட வேதனையும் பதிவாகியிருக்கிறது. அவர்களுடைய மனசாட்சி சாகவில்லை. ஆனால் கையைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லாமற்போனது.

ஆகவே இந்த விவாதம் முழுவதும் வயிறு நிறைந்தவர்களைப் பற்றியது என்று சொல்லிவிட விரும்புகிறேன். பசித்தவரிடம் போய், நீ உண்பது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. தேர்வு இருப்பவரிடமே கணக்குக் கேட்க முடியும்.

இதை எழுதி முடித்ததும் ரஷ்ய நகரமான லெனின்கிராட் நினைவுக்கு வந்து என்னை நிறுத்தியது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை நீடித்த ஜெர்மன் படைகளின் முற்றுகையில், தாவர அறிவியலாளர் நிகலாய் வவீலவ் வளர்த்தெடுத்த பயிர் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள், உலகெங்கிலுமிருந்து திரட்டிய விதைத் தொகுப்பைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அரிசி, கோதுமை, கடலை எனப் பை பையாக உண்ணத்தக்க தானியம் அவர்களைச் சுற்றி இருந்தது. அதைத் தொடாமல் அவர்களில் பலர் பசியால் இறந்தார்கள். அரிசித் தொகுப்பின் பொறுப்பாளராக இருந்த திமித்ரி இவானவ், பல ஆயிரம் அரிசிப் பொதிகளுக்கு நடுவே உயிர்விட்டார். வவீலவ் அப்போது அங்கே இல்லை. அரசின் சிறையில் இருந்தார், 1943 ஜனவரியில் சராத்தவ் சிறையில் அவரும் ஊட்டமின்றியே இறந்தார்.

அப்படியானால் பசி மனசாட்சியை எப்போதும் வென்றுவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்கிறேன். மின்னசோட்டாவில் மறைவாக உண்ட ஒருவரால் இன்னொருவரின் உணவு குறையப்போவதில்லை. ஓர் ஆய்வின் எண்கள் மட்டுமே கெடும். லெனின்கிராடில் ஒரு பிடி விதையை உண்பது, இன்னும் பிறக்காத பலரின் வயலை உண்பதாகும் என்று அங்கிருந்தவர்கள் தெளிவாகக் கண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த விதைகளைக் கையால் பிரித்து, முளைக்கவைத்து, பெயரெழுதி வைத்தவர்கள் அவர்கள். அவற்றைத் தானியமாகப் பார்க்க அவர்களுடைய கண்ணே மறுத்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பார்வை, பசி வருவதற்கு வெகுநாள் முன்பே உருவாகியிருந்தது.

ஜூன் 9

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், லண்டனில் காசநோயோடு இருந்த அவர், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் மக்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம் உண்ண மறுத்தார் என்பதும், 1943 ஆகஸ்டில் 34 வயதில் ஆஷ்ஃபோர்டில் இறந்தார் என்பதும் உண்மை. அவரை எண்ணித் தலைவணங்கும்போதே எனக்குள் ஒரு மறுப்பும் எழுகிறது. அவர் விட்ட உணவு பிரான்சில் ஒரு குழந்தைக்கும் போய்ச் சேரவில்லை. இவானவ் தொடாத அரிசி எஞ்சியது. வெய் தொடாத உணவு எங்கும் எஞ்சவில்லை. அவர் உயிரோடு இருந்து இன்னும் எழுதியிருந்தால் பசித்தவர்களுக்கே அது கூடுதல் துணையாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பிறர் துன்பத்தை உடலால் பகிர்ந்துகொள்வது அன்புதான்; ஆனால் அதனால் துன்பம் குறைவதில்லை, துன்பப்படுபவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது.

தாயாரின் அறைக்கு வெளியே எனக்கிருந்த உறுத்தலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குக் கீழ்ப்படிந்து நானும் உண்ணாமல் இருந்திருந்தால், அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய கைகள் தளர்ந்திருக்கும்.

ஜூன் 11

உண்பது உடம்பின் வேலை என்று முதற் கேள்வியில் இருந்ததற்கு, எதிர்பாராத இடத்திலிருந்து ஓரளவு ஆதரவு கிடைக்கிறது. 1884இல் மிக்னோனெட் என்ற படகு மூழ்கியபின் நடுக்கடலில் தவித்த நால்வரில், டட்லி, ஸ்டீவன்ஸ் ஆகிய இருவர் 17 வயதுப் பணிச் சிறுவன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொல்ல முடிவெடுத்தார்கள். எஞ்சிய மூவரும் அவன் உடலை உண்டு உயிர்தப்பினார்கள். உயிர்பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்கு நியாயமாகாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரண தண்டனை பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. உண்ட மூன்றாமவரான புரூக்ஸ் தண்டிக்கப்படவில்லை, சாட்சியாகவே நிறுத்தப்பட்டார். சட்டம் கொன்றதைக் கேட்டது, உண்டதைக் கேட்கவில்லை. 1972இல் ஆண்டீஸ் மலையில் விமானம் விழுந்து, இறந்தவர்களின் உடலை உண்டு 16 பேர் மீண்டபோதும், உலகம் அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. தாங்கள் இறந்தால் தங்கள் உடலை மற்றவர்கள் உண்ணலாம் என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொல்லாமல், கொடுக்கப்பட்டதை, வேறு வழியின்றி உண்பதில் குற்றம் காண என்னாலும் முடியவில்லை. கேள்வி கேட்ட வாசகர் இதுவரை சரி. ஆனால் அவரும் நானும் பனிமலையில் இல்லை.

ஜூன் 12

வீணாக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன்; அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. தட்டில் மிச்சம் வைக்காதே, உலகில் எத்தனையோ பேர் பசியோடு இருக்கிறார்கள் என்று நம்மை வளர்த்தவர்கள் சொன்னார்கள். நான் தட்டைத் துடைத்து உண்பதால் அவர்கள் பசி ஆறாது என்று வளர்ந்தபின் நாம் கண்டுபிடித்துக்கொண்டோம். அந்தக் கண்டுபிடிப்பு சரியானதுதான். ஆயினும் அவர்கள் சொன்னதால்தான், நான் பார்த்தேயிராத ஒருவர் என் தட்டின் அருகே சிறுவயதிலேயே வந்து உட்கார்ந்தார். வேறு யாரும் அவரை எனக்கு அறிமுகப்படுத்தவில்லை.

ஜூன் 14

கேள்வியைத் தொடங்கிய வாசகர் திரும்பி வந்து, தம் மகள் தட்டில் இருப்பதைக் காட்டி "இது உயிரோடு இருந்ததா?" என்று கேட்டதாகவும், "சாப்பிடு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டதாகவும், அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்ததாகவும் எழுதியிருக்கிறார். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்க மாட்டேன்.

இன்றே பேசுங்கள், ஆனால் உணவு வேளையில் வேண்டாம். தட்டு முன்னால் இருக்கும்போது அவளும் நீங்களும் அந்தத் தட்டுக்குச் சாதகமாகவே பேசுவீர்கள். ஆறாம் தேதி நான் குறிப்பிட்ட ஆய்வுகள் சொல்வதும் இதுதான். இருவருக்கும் பசியில்லாத ஒரு நேரத்தில், ஆம், உயிரோடு இருந்தது என்று சொல்லுங்கள். எப்படி வளர்ந்தது, எப்படி இறந்தது என்று கேட்டால் உங்களுக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அவளோடு சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏன் உண்கிறீர்கள் என்றும் உண்மையாகச் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் சமையலில் உங்களுக்கு வேலை கூடும், அதை முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டியிருக்கும். சில மாதங்கள் கழித்து மறுபடி உண்ண விரும்பினால், அன்று சொன்னாயே என்று குத்திக்காட்டாமல் இருக்க வேண்டியிருக்கும். இரண்டாவதுதான் கடினம் என்பது என் அனுபவம். பேசிய பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.